பாடசாலைச் சிரமதானம்: நாள் குறிக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு நாள் குறிப்பார்கள். பதாகை பிடித்து ஊர்வலம், ஒழுங்கை கூட்டல், படம், பிறகு சேவைப் பதிவேட்டில் நான்கு மணித்தியாலம் என்று ஒரு கையொப்பம். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். இடையில் ஒரு மழை பெய்தால் அந்த நான்கு மணித்தியாலமும் விழலுக்கு இறைத்த நீர்தான். மாணவருக்கு மணித்தியாலக் கணக்கை விட்டு வீட்டுக் கணக்கைக் கொடுங்கள் என்பதே அதிபர்களிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் என் வேண்டுகோள்.

தரம் 9, 10 மாணவர் இருவருக்கு, அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையிலேயே பத்து வீடு. ஒவ்வொரு கிழமையும் அதே பத்திலும் நுளம்பு பெருகும் தண்ணீரைத் தேடவேண்டும். வீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். கூடவே பெரியவர் ஒருவர் போகவேண்டும்; பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். படலையில் நின்று கூப்பிட்டு, வீட்டுக்காரர் வந்தபின் வளவைப் பார்க்கலாம். வீட்டுக்குள் நுழையத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை வீட்டுக்காரரே பார்த்துச் சொல்வார்.

வெள்ளைக் கிண்ணம், ரோச் லைற், தும்புத் தூரிகை, உரப்பை, ஒரு கொப்பி. இவ்வளவும் இருந்தால் வேலை தொடங்கலாம். தொட்டிக்குக் கிட்டப் போகும்போது நிழல் தண்ணீரில் விழக்கூடாது. விழுந்தால் குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், நெளிந்து அடிக்குப் போய்விடும். பிள்ளைகள் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் மூச்செடுக்க மேலே வரும். அப்போது கிண்ணத்தில் அள்ளினால் வெள்ளையில் துலக்கமாகத் தெரியும்.

அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. தேங்கிய வாய்க்காலில் குடம்பி மிச்ச நாளையும் ஓட்டிவிடும். காய்ந்த மண்ணில் ஊற்றவேண்டும். அதோடும் முடியாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கோடை முழுக்க வெறுமையாகக் கிடந்த சீமெந்துத் தொட்டி முதல் மழையோடு நுளம்பு பெருக்குவது இதனால்தான். தூரிகையால் அழுத்தி உரஞ்சிக் கழுவவேண்டும். பாவிக்காத கிணற்றை மாணவர் எட்டியும் பார்க்க வேண்டாம், கொப்பியில் குறித்தால் போதும். குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடுவதும் மருந்து போடுவதும் சுகாதாரப் பணிமனையின் வேலை.

சிரட்டை, யோகட் கோப்பை, இளநீர்க் கோம்பை எல்லாவற்றையும் உரப்பையில் கட்டி ஒழுங்கை முடக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வராது. நாய் பையைக் கிழிக்கும், மழை பெய்யும், பத்து வளவில் சிதறிக் கிடந்த நுளம்புப் பண்ணை ஓரிடத்துக்கு வந்து சேரும். குப்பை ஏற்றும் நாளை மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ உறுதிசெய்த பிறகே சிரமதான நாளைக் குறிக்கவேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய தலையிடி பூட்டிய வீடுகள். உரிமையாளர் கனடாவில் இருப்பார், கூரைப் பீலியில் சருகும் தண்ணீரும் நிறைந்திருக்கும். மதில் ஏறிக் குதிக்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும், விடக்கூடாது. விலாசத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கிராம அலுவலரிடமும் கொடுங்கள். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதிகாரிகளுக்குத்தான் அதிகாரம் தருகிறது, மாணவருக்கு அல்ல.

வலிகாமம் வடக்குப் போன்ற மீள்குடியேற்றப் பகுதிகளில் பற்றை வெட்டப் பிள்ளைகளை இறக்கவே கூடாது. கூட்டிய குப்பைக்கு அங்கே நெருப்பு வைப்பதும் ஆபத்து; மண்ணுக்குள் வெடிபொருள் மிச்சமிருக்கலாம். வெள்ளம் நிற்கும் இடமும் அப்படித்தான். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களைப் பறித்தது. காலில் சிராய்ப்பு உள்ள பிள்ளை அந்தத் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

இது பாடமாவது கொப்பியில்தான். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனையில் குடம்பி என்பதைப் பொதுச் சுகாதாரத்தில் வீட்டுச் சுட்டி என்போம். பத்து வீட்டை வைத்து முடிவு கட்டமுடியாது. 30 சோடி மாணவர் என்றால் 300 வீடு. கிழமைக்குக் கிழமை வரைபு கீறினால் கணிதப் பாடத்துக்கும் உதவும். சேவைப் பதிவேட்டிலும் இந்த எண்களே ஏறட்டும். சுட்டி குறையாவிட்டால் குறையவில்லை என்றே எழுதவேண்டும். நல்ல எண் காட்டச் சொல்லிப் பிள்ளைகளை நெருக்கும் பாடசாலை இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

டெங்கு ஐப்பசி மழையோடு ஏறி மார்கழி, தையில்தான் உச்சத்துக்குப் போகிறது. மார்கழியில் பாடசாலைக்கு விடுமுறை. ஒழுங்கைவாரியாகப் பிரித்துவிட்டால் வேலை விடுமுறையிலும் தடைப்படாது. பாடசாலையைப் பூட்டுமுன் பீலிகளை வழித்து, தாங்கிகளை மூடி, மலசலகூட வாளிகளைக் கவிழ்த்து, பின்புறம் குவிந்த உடைந்த கதிரை மேசைகளையும் அகற்றிவிடுங்கள். இந்த நுளம்பு பகலில் கடிப்பது. தை மாதம் திரும்பிவரும் பிள்ளைகள் பகலில் இருப்பது வகுப்பறையில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
கொக்குவில்.