நாற்று மஞ்சளானால் முதலில் எந்த இலை என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் தக்காளி நாற்று வளர்ப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். விதைப்பு பற்றிய பகுதி அருமை. ஆனால் இலைப் பிரச்சினையை மட்டும் "மஞ்சளானால் உரம் கொடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. அந்த வரியை நம்பி உரம் ஊற்றினால், பிழைக்க வேண்டிய நாற்றும் ஓரம் கருகிப் போகும்.

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேலே நாலைந்து இலைகள் விட்ட பிறகு, முளைத்தபோது வந்த இரண்டு வித்திலைகள் மட்டும் பழுத்து உதிர்ந்தால் கவலையே வேண்டாம்; அவற்றின் வேலை முடிந்தது. அடியிலைகள் முழுதும் வெளிறி, மஞ்சள் மேலே ஏறிக்கொண்டே போனால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்று சந்தேகிக்கலாம். போதாக்குறை வரும்போது செடி தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் பற்றாக்குறை. இதே கோலம் குருத்தில் தெரிந்தால் இரும்பு. அது பழைய இலையை விட்டு எளிதில் நகராது. ஆனால் இரும்பு இருந்தும் குருத்து வெளிறுவது உண்டு. மண்ணில் ஈரம் வடியாமல் வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலோ, மண் காரமாக இருந்தாலோ வேரால் அதை எடுக்க முடியாது. அங்கே உரத்தைக் கூட்டி என்ன பயன்?

தண்ணீர் விஷயத்தை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். மண் சொதசொதவென்று இருந்தாலும், வேர் அழுகத் தொடங்கிய நாற்று அப்படித்தான் தொங்கும். கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். இலேசாக இருந்து, மேல்மண்ணும் காய்ந்திருந்தால் ஊற்றலாம்.

இலையைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். சில சமயம் அடிப்பக்கம் மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். இது பூச்சியும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. இலை வெளிவிடுவதைவிட வேகமாக வேர் தண்ணீரை உறிஞ்சும்போது செல்கள் உப்பி வெடிப்பதால் வருவது. காற்றோட்டமில்லாத, ஈரக்காற்று தேங்கிய அறையில் இது அதிகம். தண்ணீரைக் குறைத்து, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் புது இலைகள் நன்றாக வரும். இதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண். ஆனால் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். அந்த நாற்றை உடனே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

இலையின் அடிப்பக்கம் ஊதா படர்ந்தால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை என்பார்கள். உண்மைதான், ஆனால் பெரும்பாலும் குளிரால் வரும் குறை அது. மண் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சத்து இருந்தாலும் வேர் எடுக்காது. கிண்ணத்தைச் சில்லென்ற ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, மண் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்படி வைத்தாலே பல நாற்றுகள் தேறிவிடும்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் நாற்று வெளிறி நெட்டையாக ஓடும். அதற்காக இரவு பகலாக விளக்கை எரியவிடக் கூடாது. தக்காளிக்கு இருட்டும் தேவை. 24 மணி நேரமும் வெளிச்சம் பட்டால் இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். 14 முதல் 16 மணி நேரம் போதும்.

உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் நார்க்கழிவில் மட்டும் வளரும் நாற்றுக்கு வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மை இலைகள் வந்ததும் ஊட்டம் தேவைதான். திரவ உரமானால் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கி, ஈரமான மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்த இதழில் அடியிலை மஞ்சள், குருத்து மஞ்சள், அடிப்பக்கக் கொப்புளம், ஊதா நிறம் ஆகிய நான்குக்கும் வண்ணப் படங்கள் போட்டு, அந்த ஒற்றை வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்