நேர்முகத் தேர்வுச் செயலமர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் செயலமர்வு நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். யாழ் நகரில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நீங்கள் பயிற்றுவித்து அனுப்பும் பிள்ளைகள்தான் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் ஒருவர் சொல்கிறார்: "நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்." அடுத்து வருபவரும் அதையே, அதே வரிசையில் சொல்கிறார். பலவீனம் என்னவென்று கேட்டால், எல்லாம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று அதிகம் மினக்கெடுவதுதான் பலவீனமாம். மூன்றாவது ஆள் இதைச் சொல்லும்போது எங்கள் கணக்காளர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். பிள்ளைகள் பாவம். கொடுத்த பாடத்தைச் சரியாகத்தான் ஒப்புவிக்கிறார்கள்.

உடை, நேரத்துக்கு வருவது, சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவருவது எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் போதும். சித்திரை வெயிலில் ரை கட்டி வியர்த்து ஊற்றிக்கொண்டு வருபவருக்கு நாங்கள் மேலதிகப் புள்ளி எதுவும் போடுவதில்லை.

எங்களிடம் கள உத்தியோகத்தர் வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தார். இறுதியாண்டு ஆய்வு என்னவென்று கேட்டோம். "கிணற்று நீரின் தரம், குழுவாகச் செய்தோம்" என்று முடித்துவிட்டார். அதில் உங்கள் பங்கு என்னவென்று திரும்பக் கேட்டோம். தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் இலகுவாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும் என்பதால், தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு பார்த்திருக்கிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. ஒரு தோட்டக்காரர், "எங்கட தண்ணியைக் கெட்டது எண்டு எழுதப்போறியளோ?" என்று கேட்டு மாதிரி எடுக்க விடவில்லையாம். இவர் அன்று திரும்பிவிட்டு, அடுத்த கிழமை அதே ஊரின் வேறு கிணறுகளின் முடிவுகளை எடுத்துக்கொண்டு போய், அவருடைய மனைவியிடம் முதலில் காட்டி விளங்கப்படுத்தியிருக்கிறார். பிறகு தோட்டக்காரரே வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாராம்.

நாங்கள் தேடிய ஆள் அதுதான். சந்தேகப்படும் வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பேசத் தெரிந்தவர். ஆனால் நாங்கள் இரண்டாம் தரம் கேட்டிராவிட்டால் அந்தக் கதை வெளியே வந்திருக்காது. எல்லா நேர்முகக் குழுவும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருக்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்?

சூழ்நிலை, பொறுப்பு, செய்த வேலை, விளைவு என்று பதிலை நாலாகப் பிரிக்கும் முறையை நீங்களும் பலகையில் எழுதிக் காட்டுகிறீர்கள் என்று தெரியும். எழுதிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் முறைப்பாடு. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் நேர்முகம், சும்மா கதைத்துப் பார்ப்பதை விட நல்ல ஆளைத் தெரிய உதவும் என்று 1998இல் ஷ்மிட், ஹன்ரர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எங்கள் புள்ளித்தாளும் அந்த வகைதான். "சிக்கலான ஆளைச் சமாளித்த அனுபவம்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. "கடின உழைப்பாளி" என்று ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியான ஒரு கஷ்டமும் உண்டு. பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிக் கதைத்தால் வாய்க்காரி, பெருமைக்காரன் என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். செய்ததைச் செய்ததாகச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது என்பதை அவர்கள் உங்களிடமாவது கேட்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. "தம்பி எந்த இடம்? ஆற்றை மகன்?" என்று கேட்கும் நேர்முகக் குழுக்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். பெண்பிள்ளை என்றால் கலியாணம் எப்போது என்றும் கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். அதுவரைக்கும், "வேலைக்கு எந்த இடம் என்றாலும் நேரத்துக்கு வந்துவிடுவேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பேச்சை வேலைப் பக்கம் திருப்பப் பழக்கிவிடுங்கள். இதையெல்லாம் செயலமர்வில் எப்படிக் கதைப்பது என்று கூச்சப்பட்டால், பிள்ளை அங்கே தனியாகத்தான் திணறும்.

கடைசியில் "ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்போம். "இல்லை சேர்." அநேகமாக எல்லாரும் இதுதான். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்ப்பீர்கள் என்று ஒருவர் கேட்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். சம்பளம் கேட்பதும் குற்றமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்காக 8 சதவீதம் கழியும், வேலை தருபவர் 12 சதவீதம் போட வேண்டும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் அவரே 3 சதவீதம் போட வேண்டும் என்பதெல்லாம் பட்டதாரிகள் பலருக்குத் தெரியாது. சொன்ன தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் வித்தியாசம் ஏன் என்று முதல் சம்பளத்தன்றுதான் கேட்கிறார்கள்.

கொழும்பில் நேர்முகம் என்றால் முதல் நாளே போகச் சொல்லுங்கள். இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இருந்த இருப்பில் போய், வெள்ளவத்தையில் முகம் கழுவிக்கொண்டு நேரே போனால் எந்தப் பயிற்சியும் உதவாது. ஸூம் என்றால் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் நண்பர் வீட்டுக்குப் போவது நல்லது.

என் கோரிக்கை இதுதான். இறுதியாண்டில் மண்டபம் நிறைய ஆட்களை இருத்தி நடத்தும் ஒருநாள் நிகழ்வை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே சின்னக் குழுக்களாகத் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் தான் செய்த மூன்று வேலைகளை எழுதி எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இருந்து சொல்லட்டும். சொந்த விரிவுரையாளர் முன்னால் சொல்வது வேறு. தமிழில் ஒரு தரம், பிறகு ஆங்கிலத்தில் ஒரு தரம். ஆங்கிலம் உடைந்து வந்தாலும் பரவாயில்லை, சொல்ல விஷயம் இருந்தால் நாங்கள் காத்திருந்து கேட்போம். அதைக் கைபேசியில் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

முன்பின் தெரியாத ஆட்களுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். சனிக்கிழமை காலைகளில் நான் வருகிறேன். எங்கள் கணக்காளரும் வரச் சம்மதித்துவிட்டார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றாலும் கிளிநொச்சி என்றாலும் சரி, ஒரு அறையும் நாலு கதிரையும் தந்தால் போதும். திகதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் ஆட்களைத் தெரிவு செய்யும் ஒருவர்