மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் ஸ்டூல்

தொழிலாளர் நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், சேலத்தில் கடைகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இங்கே ஒரு ஜவுளிக் கடையில் பதினாலு வருஷம் சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டுகொண்டது, இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலையை விட்டேன். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு முதலாளி மேல் கோபப்பட்டு எழுதும் கடிதம் இல்லை இது.

2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க சட்டமன்றத்தில் மசோதா வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்றது. டீ நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி போனில் அதை வாசித்தாள். "அக்கா, இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?" என்று கேட்டு மறுபடி வாசித்தாள். நாங்கள் படும் பாடு சட்டமன்றம் வரை போயிருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்டூலும் வந்தது. எங்கள் செக்‌ஷனில் ஆறு பேருக்கு ஒன்று. கூட்டமில்லாத மத்தியானத்தில் உட்கார்ந்தால், "கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்பார் சூப்பர்வைசர். தீபாவளிச் சரக்கு வந்தபோது அதன் மேல் பண்டல் ஏறியது. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

சேலத்தில் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோட்டை மாரியம்மன் பண்டிகையும் ஆடித் தள்ளுபடியும் ஒன்றாக வரும். ஒரு சேலை விற்க இருபது சேலையை விரித்துக் காட்டி, அத்தனையையும் மறுபடி கரை மேலே தெரிகிற மாதிரி மடித்து அடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே குழியாக நிற்கும். ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்து, ரேக்கில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு சிரித்தபடியே "வாங்கக்கா, பட்டா, காட்டனா?" என்று கேட்போம். எங்களுக்குத் தெரிந்த ஓய்வு அவ்வளவுதான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019இல் வந்த ஆணை, கொரோனாவுக்குப் பிறகு 2022இலும், மறுபடி 2025இலும் நீட்டிக்கப்பட்டது. வியாபாரம் எழுந்து நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது எங்கள் வீட்டு அடுப்பும் பாதி நாள் அணைந்துதான் கிடந்தது. அந்த ஆணையிலேயே நல்ல நிபந்தனைகள் இருக்கின்றன: ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரம்தான். வார விடுமுறை உண்டு. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பும் தர வேண்டும். எங்களிடம் அந்தச் சம்மதத்தை வேலைக்குச் சேர்ந்த அன்றே, மற்றக் காகிதங்களோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமலே, வாழப்பாடி பஸ்ஸுக்கு ராத்திரியில் ஓடினாள்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அவர்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. எங்கள் கடையில் சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே மறுநாள் வேலை இருக்காது. ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்காகக் கடைக்குள் வரக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

அதனால் கேட்கிறேன். ஆய்வுக்குக் காலை பதினொரு மணிக்கு வராதீர்கள். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் இரவு எட்டரைக்கு மேல் வாருங்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள், எல்லாம் சொல்வார்கள். யார் சொன்னது என்று மட்டும் கடைக்குத் தெரிய வேண்டாம். 22-ஏ என்ன சொல்கிறது என்பதைப் பெரிய எழுத்தில், புகார் சொல்ல ஒரு போன் நம்பரோடு, நாங்கள் சாப்பிடும் அறையில் ஒட்டச் சொல்லுங்கள்.

செக்‌ஷனில் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல் என்று எண்ணுங்கள். மாடிப்படிக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள்.

இப்படிக்கு,
சேலத்து ஜவுளிக் கடையில் நின்ற ஒருத்தி