கயலுக்கு, உன் முதல் பிரசென்டேஷன் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய 31 ஸ்லைடையும் நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். "அவ வேலை உங்களுக்கு என்ன புரியும்" என்று அம்மா கேட்டாள். பம்ப் கணக்கெல்லாம் புரியவில்லைதான். ஆனால், மெல்பர்னில் உன் நிறுவன இயக்குநர்களிடம் நீ என்ன கேட்கிறாய் என்பது 29ஆம் ஸ்லைடுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. வீடுகளுக்குத் தண்ணீர் அனுப்பும் பழைய பம்புகள் மூன்றையும் இந்த வருஷமே மாற்றப் பணம் ஒதுக்குங்கள். இதுதானே விஷயம்? அதைத் தூக்கி முதலில் வை. என்ன கேட்கப் போகிறாய் என்று தெரியாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பவர் போனைத்தான் நோண்டுவார்.

"எவ்வளவு மனப்பாடம் பண்ணினாலும் எழுந்து நின்னதும் எல்லாம் காலியாயிடுதுப்பா" என்று போனில் சொன்னாயே, அந்த மனப்பாடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு ஆசிரியர் எழுதித் தந்ததை நீ ஒரே மூச்சில் ஒப்பிப்பாய். கை எந்த இடத்தில் உயர வேண்டும் என்றுகூட அதில் குறித்திருக்கும். கோப்பையும் கிடைத்தது, எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஒப்பிப்பதில் ஒரு வரி நழுவினால் அடுத்த வரி வராது. முதல் இரண்டு வாக்கியத்தை நெட்டுருப் போடு, கடைசி வாக்கியத்தையும் போடு. நடுவில் உள்ளதை ஐந்தாறு சொற்களாக ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள். முதல் அரை நிமிடம் தாண்டிவிட்டால் மீதி வந்துவிடும். உன் வேலைதானே, உனக்குத் தெரியாததா?

நான் இங்கே சிங்கப்பூர் ஷிப்யார்டில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தபோது தினமும் காலையில், வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் எடுப்பேன். அதையெல்லாம் நீ மேடைப்பேச்சு என்று நினைத்திருக்க மாட்டாய். ஸ்லைடு கிடையாது, மைக் கிடையாது, பின்னால் கிரேன் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் புதுக்கோட்டைக்காரர், பங்களாதேஷ்காரர், சீனாக்காரர் என்று தூக்கம் கலையாத முகங்கள். எதைச் சொன்னாலும் "ஓகே சார், ஓகே சார்" என்று தலையாட்டுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவருக்கும் பொறுமை இருக்காது. அவர்களில் யாரோ ஒருவர்தான் அன்றைக்குக் கப்பலின் டேங்குக்குள் இறங்கப் போகிறவர்.

மூடிக் கிடக்கும் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை அந்தத் துரு எடுத்துக்கொள்ளும். வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது. வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 20.9 விழுக்காடு. இங்குள்ள விதிப்படி, அது 19.5க்குக் கீழே இருந்தால் சாதாரணமாக யாரையும் உள்ளே விடக்கூடாது. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிப் போட்டால் யார் மனதிலும் நிற்காது. வித்தியாசம் ஒன்றரைகூட இல்லையே! அதனால் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரை முன்னால் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவேன்.

"என்ன காட்டுது, சத்தமா படிங்க."

"டுவென்டி பாயிண்ட் நைன் சார்."

"அது பத்தொம்பதரைக்குக் கீழ போனா என்ன செய்வீங்க?"

அவர் முழிப்பார். பக்கத்தில் இருப்பவர், "உடனே வெளிய வந்துடணும் சார்" என்பார். அதையே வங்காளத்தில் ஒருவரையும் சீனத்தில் ஒருவரையும் சொல்லச் சொல்வேன். அவ்வளவுதான் அன்றைய கூட்டம். ஹெல்மெட், பெல்ட், பெர்மிட் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் உயிர் போகிற இந்த ஒன்று அதில் காணாமல் போகும்.

உன் 12ஆம் ஸ்லைடைப் பார். ஒரே அட்டவணையில் கண்ணை இடுக்கினாலும் படிக்க முடியாத அளவுக்கு எண்கள். அதில் எந்த எண்ணைக் கேட்டால் அந்த இயக்குநர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்? அதை மட்டும் திரையில் போடு, மற்றதையெல்லாம் அச்சடித்துக் கையில் கொடு. அந்த ஓர் எண்ணையும் மொட்டையாக விடாதே. கோடையில் ஒரு பம்ப் நின்றால் எத்தனை வீட்டில் எவ்வளவு நேரம் குழாயில் தண்ணீர் வராது என்று சொல். அந்தக் கணக்கு உன்னிடம் இருக்குமே.

வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு அடுத்துத்தான் அவையஞ்சாமையை வைத்திருக்கிறார். முதலில் அறி, அப்புறம் அஞ்சாதே. நீ வரிசையை மாற்றி, பயத்தை விரட்டுவதிலேயே நாளெல்லாம் செலவழிக்கிறாய். அந்த அறையில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று உன் மேலாளரிடம் கேட்டாயா? நிதி பார்ப்பவர் யார், பொறியியல் தெரிந்தவர் யார், போன தடவை இதே செலவை வேண்டாம் என்றவர் யார்? முடிந்தால் ஒருவரையாவது முன்கூட்டியே பார்த்து, "இதில் உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டு வை. அவர் சொல்லும் பதிலே உன் பேச்சில் பாதியாகிவிடும்.

உன் உச்சரிப்பைக் கேட்டு மெல்பர்ன்காரர்கள் சிரிப்பார்களோ என்றும் உனக்கு ஒரு பயம். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர், இங்கிலீஷில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் 1961ல் ஹாங் லிம் இடைத்தேர்தல் வந்தபோது, கேட்க வருகிறவர்கள் பேசுவது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி என்பதால் புதிதாகக் கற்றுக்கொண்டு அதில் பேசினார். கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்த இடைத்தேர்தலில் அவர் கட்சி தோற்கவும் செய்தது. ஆனாலும் அவர் ஹொக்கியனை விடவில்லை. உன் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எல்லாருமே சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவோம். முக்கியமான எண்ணைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணு. உனக்கு அது ஒரு யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு அப்போதுதான் விஷயம் உள்ளே இறங்கும். பட்டிமன்றப் பேச்சாளர்களிடம் கற்கவேண்டியது அதைத்தான். அடுக்குமொழியை அவர்களிடமே விட்டுவிடு.

கை நடுங்கினால் நடுங்கட்டும். ஒற்றைத் தாளை மட்டும் கையில் பிடிக்காதே, இல்லாத நடுக்கத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் அட்டை என்றேன். எழுந்து போகுமுன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடு. எல்லாரும் உன்னைப் பார்க்க வேண்டிய இடம் வந்தால், பவர்பாயின்ட்டில் 'B' விசையைத் தட்டு. திரை இருட்டாகிவிடும். மறுபடி தட்டினால் திரும்ப வரும்.

அங்கேயும் மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் இருக்கும், போய்ப் பார். 1924ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இங்கே நம் சமூக மன்றங்களிலும் நடக்கிறது. வழக்கமான பேச்சுக்கு ஐந்து நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கு போடுவார்கள். நீ எத்தனை தடவை "ஆ", "உம்" என்றாய் என்று எண்ணவே ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் ரொம்ப நாள் போனவர்களில் சிலர் கடைக்காரரிடம் தே ஓ, அதாவது பாலில்லாத டீ, கேட்பதையும் சொற்பொழிவாகவே கேட்கிறார்கள். பார்த்துக்கொள்.

கேள்வி நேரத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல மாட்டேன். கேள்வியை முழுக்கக் கேள், குறுக்கே பாயாதே. தெரியாததை "பார்த்துவிட்டு நாளைக்குள் மின்னஞ்சல் அனுப்புகிறேன்" என்று சொல், சொன்னபடி அனுப்பு. அங்கே சுற்றி வளைத்தால் அதுவரை பேசியதெல்லாம் வீண்.

சனிக்கிழமை வீடியோ காலில் வா. ஸ்லைடு இல்லாமல் அம்மாவிடம் பேசிக்காட்டு. பம்ப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் சொல்கிறேன். முடித்ததும், "நான் என்ன கேட்டேன், ஏன் கேட்டேன்?" என்று அவளைக் கேள். அவளால் திருப்பிச் சொல்ல முடிந்தால் அந்த இயக்குநர்களுக்கும் புரியும். முடியாவிட்டால் பேச்சைத் திருத்து, அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. இங்கே மாலை ஆறு, உனக்கு எட்டு. சரியாக வந்துவிடு, ஏழு மணிக்கு அவளுக்கு நாடகம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா