துப்பாக்கியின் கனம்

ரங்கூன்,
ஆடி மழையில்.

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி தேவலையா? என்னுடையது அப்படியேதான் இருக்கிறது, விடு.

பேரன் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். இன்சாஸ் துப்பாக்கி கனக்கிறது என்று அவன் அலுத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். எங்கள் அப்பா இருந்திருந்தால் அவனை உட்காரவைத்து வகுப்பே எடுத்திருப்பார்.

ரங்கூனுக்குப் பக்கத்தில் சிரியம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 1944-ல் நேதாஜி படையில் சேர்ந்தார். அங்கே கையில் கொடுத்தது வெள்ளைக்காரனிடம் பிடித்த லீ என்ஃபீல்டு துப்பாக்கி. கிட்டத்தட்ட 4 கிலோ. இன்சாஸும் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, மாட்டாமலே 4 கிலோவைத் தாண்டும். இத்தனை வருஷத்தில் துப்பாக்கி இளைக்கவில்லை, தோட்டாதான் இளைத்திருக்கிறது. லீ என்ஃபீல்டில் போடும் த்ரீ நாட் த்ரீ தோட்டா ஒன்று சுமார் 25 கிராம். உன் பேரனுடைய 5.56 மி.மீ. தோட்டா அதில் பாதி. அப்பா 50 தோட்டா சுமந்த கனத்தில் இவன் 100 சுமக்கலாம். சொல்லிப் பார், அலுப்பு தீராது.

அப்பாவுக்குத் தராசில் நம்பிக்கை கிடையாது. தலையில் பொருந்தி உட்கார்ந்த மூட்டையோடு ஒரு மைல் போகலாம், முதுகில் சரிகிற மூட்டையோடு பத்தடி போக முடியாது என்பார். துப்பாக்கியையும் அப்படித்தான் பார்த்தார். மேகசினுக்குச் சற்று முன்னால் விரலைக் கொடுத்துத் தூக்கினால் குழல் பக்கமும் தோளில் வைக்கிற கட்டைப் பக்கமும் சமமாக நிற்க வேண்டும். முன்பாரம் இருந்தால் மணிக்கட்டு செத்துவிடும். இதை எனக்கு விளக்குமாற்றை வைத்துக் காட்டினார், அம்மா திட்டத் திட்ட.

கனம் குறைந்தால் நல்லதுதானே என்று ஒருமுறை கேட்டேன். யுத்தம் முடிகிற சமயத்தில் வெள்ளைக்காரன் காட்டுச் சண்டைக்கென்று ஒரு குட்டைத் துப்பாக்கி கொண்டுவந்தான், ஜங்கிள் கார்பைன். 3.2 கிலோதான். பின்னால் அப்பா அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார். "தூக்கினால் பஞ்சு, சுட்டால் கழுதை" என்றார். கட்டையின் நுனியில் ரப்பர் வைத்திருந்தார்கள். அது கட்டையைவிடக் குறுகல் என்பதால் உதை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். போதாததற்கு இன்று குறி சரிசெய்தால் நாளை விலகும் என்று வெள்ளைச் சிப்பாய்களே புலம்பினார்களாம்.

தரம் பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. குழலின் பின்வாயை அடைக்கிற இரும்புத் தண்டான போல்ட்டை உருவிவிட்டு, அந்தத் துளையில் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்துப் பிடிப்பார். நகத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஓடும். துரு இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அப்புறம் போல்ட்டின் எண்ணும் துப்பாக்கி எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார். வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால் தொடமாட்டார். கடைசியில் காதருகே வைத்து ஒரு குலுக்கு. ஜப்பான்காரன் துப்பாக்கியில் போல்ட்டுக்கு மேல் ஒரு தகரமூடி உண்டு, நடந்தால் கடகடக்கும். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

மரக்கட்டை மழையில் ஊறி உப்பினால் குழலை நெருக்கும், குண்டு தள்ளிப் போய் விழும். உன் பேரனுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவனுடையது பிளாஸ்டிக். ஆனால் விரல் சோதனையை அவன் செய்யட்டும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
சிரியம் சிநேகிதன்