எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித மாண்பையும் பிறரை மதிப்பதையும் பள்ளியில் தனிப் பாடவேளை ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான், வாரத்துக்கு ஒரு வகுப்பு இருக்கட்டும். ஆனால் முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். மாண்பைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, அதே வகுப்பறையில் அதைக் குலைக்கிற வேலையையும் ஆசிரியர்களே செய்திருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உதவித்தொகைப் படிவம் வரும் நாட்களைச் சொல்கிறேன். "சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் வேணும் டீச்சர்" என்று அலுவலகத்திலிருந்து ஆள் வரும். வகுப்புக்குள் போய், "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்போம். தலையை எண்ணுவோம், பெயரைக் குறிப்போம், உட்காரச் சொல்வோம். இரண்டு நிமிட வேலை. அதுவரை ஒரே பெஞ்சில் தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, யார் எந்தத் தெரு என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு உதவித்தொகை உண்டு. அதன் பெயரே, சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கானது. இருபது வருடத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெயரை அப்படியே சத்தமாக வாசித்து, "யார் வீட்டுல இந்த வேலை செய்யிறாங்க, கையைத் தூக்குங்க" என்றேன். ஒரு கையும் உயரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மறுபடி மறுபடி மூடிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைப் பேருந்து நிலையத்தில் குப்பை வண்டியோடு தினமும் பார்க்கிறவள் நான். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், "டேய், உங்க அம்மா நகராட்சியிலதானே?" என்று கேட்டுவிட்டேன்.

எழுந்து நின்றான். "இல்ல டீச்சர். அம்மா வீட்டுலதான் இருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பணம் வேண்டாம் டீச்சர்" என்றான். எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. அந்த மாதத் தேர்வில், தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17-வது பிரிவைப் பற்றி ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டுத் தாளைக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நானே பட்டியல் எழுதுவேன். ஒவ்வொரு பிள்ளையையும் வேறு வேறு நேரத்தில், வேறு ஏதாவது காரணம் சொல்லிக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுப்பேன். இரண்டு நிமிட வேலைக்கு மூன்று நாள் ஆகும். அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும். இன்றைக்கு அந்தச் சிரமமும் இல்லை. மாணவர் விவரம் எல்லாம் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்திலேயே இருக்கும்போது வகுப்பில் நின்று கேட்க வேண்டிய தேவை என்ன?

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய செய்தி வந்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம் இவற்றைத் தடை செய்யச் சொன்ன பரிந்துரையைப் பற்றித்தான் தொலைக்காட்சிகளில் அத்தனை விவாதமும் நடந்தது. என் கண் நின்ற இடம் வேறு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, பெரிதாகப் பேசவும் இல்லை. கயிறு ஆபத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மணிக்கட்டுக்கு வருவதற்கு முன்பே, யார் யார் என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காட்டிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

"தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று பாடநூலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே பாடநூல் இருக்கும் பள்ளியில்தான், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்ற புகாரில் 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தலைமையாசிரியை கைதானார். யாரைக் கூப்பிட்டு எந்த வேலை சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஐம்பது வயது தாண்டிய ஒரு தூய்மைப் பணியாளர் இருந்தார். நாங்கள் "வா, போ" என்போம். ஆறாம் வகுப்புப் பொடிசுகளும் அப்படியே. ஆசிரியர் அறையில் எங்கள் டம்ளர்கள் எல்லாம் ஒரு தட்டில் கவிழ்த்தியிருக்கும், அவருடையது மட்டும் ஜன்னல் திண்டில். யார் அங்கே வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக மாறுதலில் வந்த உடற்கல்வி ஆசிரியர், வந்த முதல் வாரத்திலேயே அந்த டம்ளரை எடுத்துக் கழுவி, எல்லாவற்றோடும் சேர்த்துத் தட்டில் கவிழ்த்தார். "அக்கா, உக்காருங்க, டீ ஆறிப்போகுது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அரைப் பரீட்சை வருவதற்குள், மைதானத்தில் விளையாடுகிற பிள்ளைகள் அவரை "அக்கா, வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை வருடம் சமூக அறிவியல் நடத்திய எனக்கு அந்த டம்ளர் கண்ணில் படவே இல்லையே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆகவே, புதிய பாடவேளைக்குப் புத்தகம் எழுதுவதற்கு முன்னால் ஆசிரியர் பயிற்சியில் இதைச் சேருங்கள் என்று கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். உதவித்தொகையை எப்படி அறிவிப்பது, சாதிச் சான்றிதழை எங்கே வைத்து வாங்குவது, சத்துணவு ஆயாவையும் தூய்மைப் பணியாளரையும் பிள்ளைகள் முன்னால் எப்படிக் கூப்பிடுவது, இவ்வளவுதான். ஒரு நாள் பயிற்சி போதும்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வகுப்புக்கு நடுவில் கேட்ட கேள்விக்கு வகுப்புக்கு நடுவிலேயே மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும், அன்றைக்கு அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. தயவுசெய்து இக்கடிதத்தை வெளியிடுங்கள். படிவக் கட்டோடு வகுப்புக்குக் கிளம்பும் நாலு ஆசிரியர்கள் கண்ணிலாவது படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.