புயல் பட்டியலில் மொட்டை மாடியும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் நாளிதழ்களில் முன்னெச்சரிக்கைப் பட்டியல் வந்துவிடுகிறது. மெழுகுவர்த்தி, டார்ச், பால் பாக்கெட், குடிநீர் என்று எல்லாம் இருக்கும். மொட்டை மாடி மட்டும் இருக்காது. வடகமும் துணியும் மட்டுமே காய்ந்த மாடிகளில் இப்போது குடை வைத்த மேசை, கூடை ஊஞ்சல், பார்பிக்யூ அடுப்பு, நிழல்வலைப் பந்தல் என்று ஒரு வரவேற்பறையே இருக்கிறது. காற்று வலுத்துவிட்டால் இவை தெருவில் போகிறவர் தலையிலும் மின்கம்பியிலும் விழக்கூடியவை. பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட முடியாத விஷயம் இது.

காற்றின் பலத்தைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 100 கி.மீ. காற்று சுமார் 47 கிலோ. பிளாஸ்டிக் நாற்காலியின் எடை இரண்டரைக் கிலோ இருக்கும். புயல் வரை போக வேண்டாம், மே மாத மாலை இடிமழைக் காற்றிலேயே அது நகர்ந்துவிடும். ஒன்பது அடிக் குடையின் பரப்பு ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர். 50 கி.மீ. காற்று அடியில் முழுதாகப் புகுந்தால் 60, 70 கிலோ விசையில் தூக்கும். அதோடு விற்கப்படும் அடிக்கட்டையோ பல நேரம் 20, 25 கிலோதான். விரித்த குடை பாய்மரம் மாதிரி. அதைக் கட்டிவைத்துக் காப்பாற்ற வழியே கிடையாது. மாடியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் மடக்கி, நடுவிலும் நுனியிலும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். புயல் சின்னம் என்றால் கம்பத்தோடு கழற்றி உள்ளே படுக்க வைக்க வேண்டும்.

கட்டடங்களுக்கான காற்று விசையைக் கணக்கிடும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக் குறிப்பின் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்று வைத்திருக்கிறது. முறைப்படி வடிவமைத்த தூணும் தளமும் அதற்குத் தாங்கும். தளத்தின் மேல் நாம் கொண்டுபோய் வைக்கும் சாமான்களுக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

எல்லாவற்றையும் மூலையில் ஒதுக்கினால் போதும், கைப்பிடிச் சுவர் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. சுவரில் மோதும் காற்று மேலேறி, கைப்பிடிச் சுவரின் விளிம்பைத் தாண்டியதும் சுழல்கிறது. தளத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மேல்நோக்கி இழுக்கும் விசை மிக அதிகம். போதாததற்கு மழைநீர்க் குழாயின் வாயும் பெரும்பாலும் மூலையில்தான் இருக்கிறது. சாமான்களும் சருகும் அதை அடைத்தால் மாடி முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

எடுக்கக்கூடியதை எடுத்துவிடுவதே முதல் வேலை. நாற்காலிகள், மெத்தைகள், ஊஞ்சல் கூடை, தொங்கும் தொட்டிகள் வீட்டுக்குள் போக வேண்டும். மேசைக் கண்ணாடியைத் தனியாகக் கழற்ற வேண்டும். படிக்கட்டில் அடுக்கி வழியை மறிக்கக் கூடாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் போடுவதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் ஆகாது; காற்றுக்குத் தப்பியது வெள்ளத்தில் மிதக்கும். உள்ளே கொண்டுபோக முடியாத கனமான மேசையைக் கவிழ்த்துப் போடுங்கள். பலகை தரையோடு படிந்தால் காற்று அடியில் புக முடியாது. நிழல்வலையை அவிழ்த்தே ஆக வேண்டும். பத்துக்குப் பத்தடி வலை காற்றில் பாதியை விட்டுவிட்டாலும், 100 கி.மீ. வேகத்தில் 200 கிலோவுக்கு மேல் பந்தலின் கால்களை இழுக்கும். வலையை நீக்கிய வெறும் பைப் சட்டம் பெரும்பாலும் நின்றுவிடும்.

மிஞ்சியதைத்தான் கட்ட வேண்டும். எதில் கட்டுவது என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நாலரை இஞ்ச் செங்கல் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட்) அடித்தால், பலத்த இழுப்பில் செங்கலோடு பெயர்ந்து வரும். தளத்தில் துளை போட்டால் வெதரிங் கோர்ஸும் (வெயில், மழையிலிருந்து தளத்தைக் காக்கும் மேலடுக்கு) அதன் மேல் பதித்த தளஓடுகளும் ஓட்டையாகி, அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். காங்கிரீட் தூண், படிக்கட்டு அறையின் பீம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் காங்கிரீட் கால் ஆகியவையே சரியான இடம். வளையம் வைத்த 10 மி.மீ. ஆங்கர் போல்ட் காங்கிரீட்டுக்குள் குறைந்தது 60 மி.மீ. இறங்க வேண்டும். மேல்பூச்சின் 12 முதல் 20 மி.மீ. இந்தக் கணக்கில் சேராது; போல்ட் பிடுங்கிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் பூச்சையும் சேர்த்து அளப்பதுதான். தூணின் விளிம்பிலிருந்து நான்கு இஞ்சாவது தள்ளித் துளையிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சில்லாகத் தெறிக்கும். பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரை கடலோரத்தில் இருப்பவர்கள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குவது நல்லது. மேல்முலாம் மட்டும் பூசிய சாதாரண போல்ட்டை உப்புக்காற்று சீக்கிரமே அரித்துவிடும்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். மாலையில் இறுகக் கட்டியது இரவில் தளர்ந்திருக்கும். மாடியில் நாள்பட வெயில் தின்ற பிளாஸ்டிக் கயிறு கையால் முறுக்கினாலே நார் நாராக உதிரும். கட்டுக்கம்பி ஆடி ஆடி ஒரே இடத்தில் முறியும். பைக்கில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கொக்கிக் கயிறு வேண்டவே வேண்டாம், அறுந்தால் கொக்கி கண்ணைப் பார்த்து வரும். லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டில் (கைப்பிடியை நெம்பி இறுக்கும் பட்டை) 25 மி.மீ. அகலமுள்ளது வீட்டுக்குப் போதும். நீளமாகப் போகும் இடத்தில் பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடத்துத் தேயாது.

பார்பிக்யூ அடுப்புக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தீயும் இருக்கிறது. முதலில் சிலிண்டர். வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, நிமிர்த்திய நிலையிலேயே காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வில் தேங்கும். அதனால் மூடிய அறை, லிஃப்ட் குழி ஓரம், சாக்கடை வாய் அருகே கூடாது. அடுத்து, சக்கர பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பிரேக் உருளுவதைத்தான் தடுக்கும், கவிழ்வதைத் தடுக்காது. கம்பித் தட்டுகளையும் எண்ணெய் வடியும் தட்டையும் எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டில் மழை நிறைந்தால் கொழுப்பு வழிந்து தரையெல்லாம் வழுக்கும். பக்கப் பலகைகளை மடக்கி, மூடியையும் உடலையும் சேர்த்து ஒரு பெல்ட், கீழ்ச்சட்டத்தைச் சுற்றி ஒரு பெல்ட் என்று இரண்டு உயரத்தில் காங்கிரீட் தூணோடு இழுத்துக் கட்டுங்கள். உறை போடுவதானால் அடியில் இறுக்கும் பட்டை உள்ளதாக இருக்கட்டும். தார்பாயைச் சும்மா போர்த்திக் கல் வைப்பது அடுப்பைக் காற்றுக்குப் பிடித்துக் கொடுக்கும் வேலை, கல்லும் சேர்ந்து விழும். மூன்று கால் வைத்த வட்டமான கரி அடுப்பு இலேசானது, அதைக் கட்டிக்கொண்டிருப்பதைவிட வீட்டுக்குள் தூக்கிவிடலாம். சாம்பல் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

சாதாரண நாளிலும் காற்றைக் கவனிக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று தொடங்கியபின் கேஸ் அடுப்பின் முதுகில் நேராகக் காற்று அடிக்கும்படி வைத்தால், பின்புறம் வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டுச் சூடு முன்பக்கம் திரும்பும்; குமிழ்கள் உருகும். தீ அணைந்தது தெரியாமல் கேஸும் தேங்கும். அடுப்பைப் பக்கவாட்டில் காற்று படும்படி திருப்புங்கள். நான்கு புறமும் தகரம் வைத்து அடைப்பது சிலிண்டரையும் சேர்த்துச் சூடாக்கும். கரித்துண்டும் சாம்பலும் மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் இருந்த பிறகே குப்பைக்குப் போகட்டும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அன்றைக்கு அடுப்பே வேண்டாம்.

நேரக் கணக்கும் முக்கியம். வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிவிப்புகள் 72 மணி, 48 மணி, 24 மணி நேரத்துக்கு முன் என்று படிப்படியாக வருகின்றன. 48 மணி அறிவிப்பிலேயே மாடி வேலை முடிந்துவிட வேண்டும். காற்று வலுத்தபின் தகரத்தையோ வலையையோ கையில் பிடித்துக்கொண்டு மாடியில் நிற்பது உயிருக்கு ஆபத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நடுவில் காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. புயலின் மையம் நம் மேல் கடந்தால் இப்படித்தான்: முதலில் வடக்கிலிருந்து, ஓய்வுக்குப் பின் தெற்கிலிருந்து. ஆகவே இரண்டு எதிர்ப்பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். அந்த ஓய்வில் மாடிக்குப் போய்ச் சரிபார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலியான 1,000 லிட்டர் தொட்டியை ஒருவரே தூக்கிவிடலாம். நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். கரண்ட் போனாலும் உதவும். மூடியைக் கட்ட மறக்க வேண்டாம்.

புயல் போனபின் அடுப்பையும் போல்ட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பர்னர் துளைகளில் நீர் இல்லாமல் காயவிட்டு, ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

அடுக்குமாடிகளில் மொட்டை மாடி பொது இடம். அங்கே யாருடைய சாமான் என்ன இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கங்கள் அக்டோபர் முதல் வாரத்திலேயே எழுதிவைக்கட்டும். ஊருக்குப் போனவர் பொருளை எடுத்துவைக்க யாருக்கு அனுமதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாடிக் கதவின் சாவி பல இடங்களில் செயலாளரிடமோ காவலாளியிடமோ மட்டும் இருக்கிறது. அதற்கு இன்னொரு பிரதி எடுத்து, எந்த வீட்டில் இருக்கிறது என்று லிஃப்ட் அருகே ஒட்டிவிடுங்கள்.

கட்டடப் பொறியாளர்,
திருவான்மியூர், சென்னை – 41